அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது? (கோபியில் ஆரம்பித்த சண்டை)

வாய்க்கால்மேட்டுக்காரி:
கோபியில் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கவிதை வாசிக்கிறோம். போன வாரம் நான் தமிழாக்கிக் கொண்டுபோன ஒரு கவிதையால் சண்டை வந்து, வைத்த டீ ஆறி, ரெண்டு பேர் பாதியிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதை இங்கேயும் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கவிதை இதுதான். கவுண்டி கல்லன் என்ற கறுப்பின அமெரிக்கக் கவிஞர் 1925ல், தன் 22வது வயதில் கொண்டுவந்த முதல் தொகுப்பில் இருக்கிறது. தொகுப்பின் பெயர் ‘நிறம்’, கவிதையின் பெயர் ‘சம்பவம்’. மொத்தமே 12 வரி. எட்டு வயசுப் பையன் ஒருவன் பால்டிமோர் நகரத்தில் வண்டியில் போகிறான், மனசு கொள்ளாத சந்தோஷம். அந்த ஊர்ப் பையன் ஒருவன் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கவனிக்கிறான். இவனும் பொடியன், அவனும் இவனைவிடத் துளிகூடப் பெரியவன் இல்லை, அதனால் இவன் சிரிக்கிறான். அவன் நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டு, கறுப்பர்களைக் கேவலப்படுத்தும் அந்த வசவால் இவனைக் கூப்பிடுகிறான். மே மாசத்திலிருந்து டிசம்பர் வரைக்கும் அந்த ஊர் பூராவும் பார்த்தேன், அங்கே நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான் என்று முடித்துவிடுகிறார்.

என் கஷ்டம் அந்த வசவில். அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் ‘நிக்கர்’ என்று வருகிறது. நம் பிள்ளைகளுக்கு நிக்கர் என்றால் அரைக்கால் சட்டை. வாசித்தால் முதல் வரிசையில் இருக்கிற வாண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ‘கறுப்பா’ என்று போட்டேன், ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சாதிப் பெயரைப் போடுங்கள் என்றார் அவர், அங்கேதான் டீ ஆறியது. என்ன செய்யலாம்?

கொப்பரை:
கவிதை அப்புறம். கவுண்டி என்று பெயரைப் பார்த்ததும் நம்மாளு யாரோ அமெரிக்காவில் செட்டிலாகி எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன் 😀

ஜமுக்காளம்:
கொப்பரை அண்ணா, நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிக்காமல் சொல்கிறேன். அந்தப் பெயரைப் படித்த ஒரு நொடியில் உங்களுக்கு ‘நம்மாளு’ என்று தோன்றியது. எனக்கு அதே நொடியில் ‘அவங்காளு’ என்று தோன்றியது. ரெண்டு பேருமே கவிதைக்குள் காலே வைக்கவில்லை.

பல்லடம் தறி:
வந்துட்டாங்கப்பா. அக்கா கேட்டது மொழிபெயர்ப்பு, ரெண்டாவது பதிலிலேயே சாதி.

என் கருத்து நேரானது. ‘கறுப்பா’ என்றே போடுங்கள். அது நிறத்தைப் பற்றிய கவிதை, தொகுப்பின் பெயரே நிறம் என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்னொன்று, அந்த வெள்ளைக்காரப் பையனைப் பெரிய வில்லனாக ஆக்காதீர்கள். எட்டு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்? வீட்டில் அப்பன் சொல்வதை, கடையில் மாமன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து ஒப்பித்திருக்கிறான். என் மகளுக்கு ஆறு வயசு, போன மாசம் பள்ளிக்கூட வேன் டிரைவர் யாரையோ திட்டிய வார்த்தையைச் சோறு உண்ணும்போது அப்படியே சொன்னாள், அவளுடைய அப்பத்தாவுக்குப் புரையேறிவிட்டது. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியுமா? கிளி திட்டினால் கிளியையா ஜெயிலில் போடுவீர்கள்? ரெண்டும் குழந்தைகள், ரெண்டுமே வெள்ளந்தி. பெரியவர்கள் நாம் தான் அதற்குள் இனம், ஒடுக்குமுறை என்று எழுதி ஒட்டுகிறோம்.

எதுகை மோனை:
கிளி நாக்கைத் துருத்தாதுங்க.

அதுதான் அந்தக் கவிதையின் இடம். அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிற பிள்ளை சும்மா சொல்லிவிட்டுப் போகும், உங்கள் மகள் மாதிரி, சோற்றுத் தட்டின் முன்னால், யாரையும் பார்க்காமல். இவன் ஒருவனைப் பார்த்து, அவன் சிரித்ததையும் பார்த்து, அப்புறம் நாக்கை நீட்டி, அதற்கு மேல் அந்தச் சொல்லைச் சொல்கிறான். சொல்லின் வரலாறு அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அது எங்கே போய் விழும் என்பது தெரியும். கல்லின் எடை தெரியாத பையனும் குறி பார்த்துத்தானே எறிகிறான்.

ஓசையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்தக் கவிதை பிள்ளைகள் பாட்டின் தாளத்தில் போகிறது, நாலு நாலு வரியாக, ரெண்டாம் வரியும் நாலாம் வரியும் கடைசியில் ஒலி ஒத்து வரும். ரெண்டாம் பத்தியில் ‘பெரியவன் இல்லை’ என்கிற இடத்தில் ‘பிக்கர்’ என்ற சொல் வரியின் முடிவில் நிற்கிறது. ஆங்கிலக் காதுக்கு அப்போதே தெரிந்துவிடும், ரெண்டு வரி தள்ளி அதே ஓசையில் ஒன்று வரப்போகிறது என்று. இதற்குள் பையன் வேறு சிரித்துவிடுகிறான். பாட்டின் தாளமே அந்த வசவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது. நமக்கு எதுகை அடியின் தலையில் வருவது, அங்கே வாலில். இதைத் தமிழில் கொண்டுவரவே முடியாது என்பது என் எண்ணம், வாய்க்கால்மேட்டு அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாய்க்கால்மேட்டுக்காரி:
கோபமெல்லாம் இல்லைங்க. ஓசை கைவிட்டுப் போனது எனக்கே தெரியும்.

ஆனால் தறி தம்பிக்கு ஒரு பதில். ‘கறுப்பா’ என்று நானும் முதலில் போட்டேன், எழுதி ரெண்டு நாள் கழித்து வாசித்தால் சப்பென்று இருந்தது. காரணம் நம் ஊர்தான். நம் பக்கம் காட்டுக்குக் காடு கருப்பராயன் கோயில் இருக்கிறது, கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறோம். கருப்புசாமி, கருப்பாத்தாள் என்று பேர் வைக்கிறோம். எங்கள் வீட்டிலேயே என் தம்பியை இன்றைக்கும் கருப்பா என்றுதான் அம்மா கூப்பிடுகிறார், அவன் மாநிறம். அந்தச் சொல்லை வைத்துக் கிண்டல் செய்யலாம், பொண்ணுப் பார்க்கப் போன இடத்தில் மனசை நோகடிக்கலாம், அதெல்லாம் உண்டு, சின்ன விஷயமும் இல்லை. ஆனாலும் எட்டு மாசத்தையும் ஒரு ஊரையும் மொத்தமாக அழித்துவிடுகிற பலம் நம் வாயில் அந்தச் சொல்லுக்கு இல்லை.

பல்லடம் தறி:
அக்கா, நான் கன்னங்கரேல் என்று இருப்பேன். ஒண்ணாம் வகுப்பிலிருந்து பாலிடெக்னிக் வரைக்கும் என் பேர் ‘கருவாயன்’. அதனால் நான் கவிதை எழுதவும் இல்லை, ஊரை மறக்கவும் இல்லை. எல்லாவற்றையும் மனசில் போட்டு ஊற வைத்தால் எதுவும் காயமாகத்தான் தெரியும்.

ஜமுக்காளம்:
உங்களைக் கருவாயன் என்று கூப்பிட்டவன் வீட்டில் உங்களை எந்த டம்ளரில் தண்ணி குடிக்க வைத்தான்?

பல்லடம் தறி:
இது என்ன கேள்வி.

ஜமுக்காளம்:
என் கேள்வி அதுதான்.

சொல்லிவிடுகிறேன், ஒரு தடவைதான் சொல்வேன். அந்தியூர் பக்கம், 97-98 இருக்கும், எனக்கும் எட்டு வயசுதான், இதுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே மூணாம் வகுப்பு. நாங்கள் அருந்ததியர். என் கூட்டாளி ஒருவன் தோட்டத்துச் சாளையில் இருந்தான், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கேதான் போவோம். கொய்யா மரம், தொட்டித் தண்ணியில் குதிப்பது, கட்டுத்தரையில் கன்னுக்குட்டியோடு ஓடுவது. ஒரு நாள் சித்திரை வெயிலில் நாக்கு வறண்டுவிட்டது. அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணி கொண்டுவந்தான். நான் கையை நீட்டினேன். ‘கையைக் குவிச்சுப் புடிடா, நான் ஊத்தறேன்’ என்றான். ஊற்றினான், நான் குடித்தேன்.

அந்த நேரத்தில் சாளையில் பெரியவர்கள் ஒருத்தர்கூட இல்லை. எல்லோரும் எழவுக்குப் போயிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை, சொம்பைக் கையில் கொடுத்திருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அவனும் என் உயரம்தான், துளியும் பெரியவன் இல்லை.

பல்லடம் தறி:
நீங்கள் சொன்னது கஷ்டமாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோபப்படாமல் கேளுங்கள், நான் சொன்னதற்குத்தானே இது சாட்சி? அவன் வீட்டில் பார்த்ததை அப்படியே செய்தான். அவன் மனசில் விஷம் இல்லை. தாகத்தோடு உங்களைப் போக விடவில்லையே, ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்தானே.

ஜமுக்காளம்:
ஆமாம், கொண்டுவந்தான். அதுதான் வில்லங்கமே. கெட்டவனாக இருந்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி போன் போடுகிறான், என் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்து பந்தல் வேலை பார்த்தான். அவனுக்கு அந்த நாள் ஞாபகமே இருக்காது, நானும் கேட்டதில்லை.

அந்தக் கவிஞருக்கு அது ஒன்றுதான் ஞாபகமாம். எனக்குக் கொய்யாவும் ஞாபகம் இருக்கிறது, கன்னுக்குட்டியும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கொய்யாவை நினைத்தால் சொம்பும் கூடவே வரும், தனியாக வராது. அவர் சொன்னதைவிட இது மோசமா, தேவலையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூணாம் வகுப்பு:
நான் திருப்பூரில் அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இந்த வாதத்தில் ரெண்டு பக்கமும் சொல்லாத ஒன்று என் வகுப்பில் தினமும் நடக்கிறது.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ரெண்டு வருஷம் முன்னால் ஒடிசாவிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. முதல் நாளே பின் பெஞ்சிலிருந்து ‘டேய், வடக்கி வந்துருக்கா’ என்று ஒரு குரல். அவளுக்கு அது திட்டு என்று புரியவில்லை, தன் பேரைத்தான் ஏதோ தப்பாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தாள். கவிதையில் பையன் சிரித்தான் என்று படித்ததும் எனக்கு அந்த முகம்தான் வந்தது. ஒரே வருஷத்தில் அந்தப் பிள்ளை தமிழில் வெளுத்து வாங்க ஆரம்பித்துவிட்டாள், திருக்குறள் ஒப்பிப்பதில் வகுப்பில் முதல். இந்த ஜூனில் பீகாரிலிருந்து ஒரு பையன் புதிதாக வந்தான். வாசலில் நின்று அவனைப் பார்த்து ‘டீச்சர், இன்னொரு வடக்கன் வந்துட்டானுங்க’ என்று சொன்னது யார் தெரியுமா? அவளேதான். அச்சு அசல் திருப்பூர்த் தமிழில்.

நான் அதட்டவில்லை. அதட்ட வாய் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால்தான் தான் இந்த ஊர்க்காரி ஆக முடியும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறாள், யாரும் பாடம் நடத்தாமல்.

எதுகை மோனை:
டீச்சர், நீங்கள் சொன்னதைப் படித்ததும் கவிதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் கவனிக்காத ஒன்று. தறி தம்பி ‘வெள்ளைக்காரப் பையன்’ என்கிறார், நாம் எல்லோருமே அப்படித்தான் படிக்கிறோம், ஆனால் கவிதையில் அவன் வெள்ளை என்று எங்கேயும் இல்லை! பேசுகிறவன் கறுப்பு என்றும் இல்லை. நிறம் என்று பேர் வைத்த தொகுப்பில், இந்த 12 வரியில் ஒரு நிறம்கூட வரவில்லை. அந்தப் பையனைக் கவிஞர் குறிப்பிடுவது ‘பால்டிமோர்க்காரன்’ என்று. ஊர்க்காரன். அவ்வளவுதான்.

நம் பக்கம் ‘ஊர்’ என்றால் யார் யார் அதற்குள் வருவார்கள், யார் ‘வளவு’, யார் ‘காலனி’ என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே கிராமம், ஆனால் ‘ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்’ என்று காலனியிலிருந்து கிளம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கொப்பரை:
இது நல்லாருக்கு. ஆனால் பால்டிமோரில் அப்படி ஊர், காலனி எல்லாம் இருந்ததா, இல்லை நாம் இங்கேயிருந்து கொண்டுபோய் அங்கே வைக்கிறோமா?

எதுகை மோனை:
இருந்தது, சட்டமாகவே. பால்டிமோர் இருக்கிற மேரிலாந்து மாநிலத்தில் அடிமை முறை 1864 வரைக்கும் செல்லுபடி. 1910ல் அந்த நகரசபை எந்தத் தெருப்பகுதியில் வெள்ளையர் குடியிருக்கலாம், எதில் கறுப்பர் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டது, அமெரிக்காவில் இந்த மாதிரிச் சட்டத்துக்கு அதுதான் முன்னோடி, வேறு ஊர்களும் பார்த்துக் காப்பியடித்தன. 1917ல் உச்ச நீதிமன்றம் இந்த வகைச் சட்டமே செல்லாது என்றது. சட்டம் போனதே தவிரப் பழக்கம் போகவில்லை. ஆக அந்தப் பொடியனுக்கு இனவெறி பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. தெருவைப் பார்த்தாலே தெரியும்.

அதே 1925ல் நம் பக்கம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். மே 2ஆம் தேதி ஈரோட்டில் பெரியார் ‘குடிஅரசு’ வாரப்பத்திரிகையை ஆரம்பிக்கிறார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டு முந்தின வருஷம் தொடங்கிய போராட்டம் முடிவுக்கு வருவதும் அந்த வருஷம்தான். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட சண்டை தமிழ்நாடு பூராவும் பற்றி எரிந்ததும் அதே சமயம். பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குக் காங்கிரஸ் கட்சியே ரெண்டு பட்டது.

பல்லடம் தறி:
சேரன்மாதேவியில் பந்தியைப் பிரித்தது யார்? பிள்ளைகளா? பெரியவர்கள். 2018ல் நம் அவிநாசி வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் அருந்ததியர் அம்மா சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று சண்டை போட்டது யார்? பெற்றோர்கள். வழக்குப் பதிவானதும் அவர்கள் மேல்தான். பிள்ளைகளை விட்டிருந்தால் அதுபாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றிருக்கும். நான் ஆரம்பத்திலிருந்து இதைத்தான் கரடியாகக் கத்துகிறேன், நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஆதாரத்தைக் கொண்டுவந்து எனக்கே கொடுக்கிறீர்கள்.

மூணாம் வகுப்பு:
வரிசையில் நின்றிருக்கும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி ஒரு ஆய்வு செய்தார்கள், பி.எட். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள், நிறம் மட்டும் வேறு. மூணு வயசிலிருந்து ஏழு வயசு வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் எது நல்ல பொம்மை, எதோடு விளையாட ஆசை என்று கேட்டால், பெரும்பாலானவை வெள்ளைப் பொம்மையைக் காட்டின. கடைசியில் ‘இதில் உன்னை மாதிரி இருப்பது எது’ என்று கேட்டதும் சில பிள்ளைகள் அழுதுவிட்டன. பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954ல் வந்த தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வு இருக்கிறது. அந்த வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல் 1908ல் பிறந்தது எந்த ஊர் தெரியுமா? இதே பால்டிமோர்.

மூணு வயசு, தம்பி. நீங்கள் எட்டு வயசைக் கிளி என்கிறீர்கள்.

எதுகை மோனை:
வெள்ளந்தி என்றால் ஒன்றும் தெரியாதது என்று வைத்துக்கொண்டதுதான் நம் தகராறு என்று நினைக்கிறேன். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற இன்னொரு கறுப்பினக் கவிஞரின் கவிதையில் ஒரு குழந்தை நோம்பிக் கடைக்குப் போகிறது, அதாவது அந்த ஊர்த் திருவிழா, அங்கே குதிரை பொம்மை வைத்த ராட்டினத் தூரி. ‘இதில் கறுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பக்கம் எது?’ என்று கேட்கிறது. பஸ்ஸில் எங்களைப் பின்னால் உட்கார வைப்பார்கள், தூரி வட்டமாகச் சுற்றுகிறதே, இதற்குப் பின்பக்கம் எது என்று. அந்தப் பிள்ளைக்குச் சட்டம் மனப்பாடம். வட்டத்துக்குப் பின்பக்கம் கிடையாது என்பதில்தான் அது குழம்புகிறது. அதையும் வெள்ளந்தி என்றுதான் நான் சொல்வேன்.

கொப்பரை:
காங்கேயத்தில் சின்ன வயசில் தூரி ஆடின ஞாபகம் வந்துருச்சு. எங்கள் ஊர் நோம்பியில் தூரிக்கு வரிசை உண்டு. யார் முதலில் ஏறுவது என்றும் உண்டு. இதுவரைக்கும் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, போங்க.

வாய்க்கால்மேட்டுக்காரி:
எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் வரி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ‘பால்டிமோர்க்காரன்’ என்று நான் போட்டிருந்ததை ‘ஊர்க்காரப் பையன்’ என்று மாற்றிவிட்டேன், அதற்கு நன்றி. வசவுக்கு என்ன? ஜமுக்காளம் தம்பி, நீங்கள் சொல்லுங்கள். சாதிப் பேரைப் போடலாமா? எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் அதுதான் நேர்மை என்கிறார். நிறத்தைத் திட்டியதற்கு நம் ஊரில் சமமானது அதுதான் என்கிறார்.

ஜமுக்காளம்:
சமமானது அதுதான். ஆனால் போடாதீர்கள்.

நீங்கள் அந்தப் பேரைப் போட்டு மேடையில் நிறுத்தி வாசித்தால் கைதட்டு வரும், என்ன தைரியம் என்பார்கள், வாசித்தவரும் சொல்லாமல் சொன்ன மாதிரி ஒரு திருப்தியோடு இறங்குவார். கீழே உட்கார்ந்திருக்கிற என் மகன் தன் சாதிப் பேரை முதல் தடவையாக ஒரு வசவாகக் கேட்பான், அதுவும் மைக்கில். அந்தக் கவிஞர் அந்தச் சொல்லை எழுதினார் என்றால், அது அவர் மேல் விழுந்த சொல், அவருக்கு எடுத்து எழுத உரிமை உண்டு. உங்களுக்கு இல்லைங்க அக்கா, நீங்கள் நல்லவர்தான், அதற்காகச் சொல்லவில்லை.

புள்ளி புள்ளியாகப் போடவும் வேண்டாம். புள்ளி வைத்தால் ஏதோ கெட்ட வார்த்தை என்றுதான் பிள்ளைகள் நினைக்கும்.

கொப்பரை:
அப்ப எதைத்தான் போடுவது? அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்றால் கவிதையே வேண்டாம் என்றுதானே ஆகிறது.

ஜமுக்காளம்:
வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே வாசித்துக்கொள்ளட்டுமே. எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டுமா?

வாய்க்கால்மேட்டுக்காரி:
அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் நாலு பேருக்கு ஆங்கிலம் வராது. அதில் ரெண்டு பேர் உங்கள் பக்கத்துக்காரர்கள்தான், அந்தக் கவிதை யாரைவிடவும் அவர்களுக்குப் புரியும்.

பல்லடம் தறி:
ரெண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. தறியில் பாவு மாற்றுகிற வேலை.

ஒன்று சொல்ல வந்தேன். ஜமுக்காளம் அண்ணன் டம்ளரைப் பற்றிக் கேட்டதற்கு ‘என்ன கேள்வி’ என்று எழுதிவிட்டேன், அது உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்றுப் பொழுதோட என் அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, போன் போட்டேன், 83 வயசு, பொங்கலூர் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். ‘அமுச்சி, அந்தக் காலத்தில் பண்ணையத்து ஆளுகளுக்குக் கட்டுத்தரை எரவாணத்தில் தனி டம்ளர் சொருகி இருக்குமே, அது இப்போ இருக்கா’ என்று சும்மா கேட்டேன். ‘அது எப்பவோ தூக்கி வீசியாச்சு, இப்பெல்லாம் யாரு கண்ணு அதெல்லாம் பாக்கறா’ என்றார். சரி என்று வைக்கப் போனேன். அவராகவே பேச ஆரம்பித்தார்.

அவருக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது ஆடு மேய்க்க ஒரு பையன் வருவானாம். இவரும் அவனும் ஆட்டுக்குப் பின்னால் காடு காடாகச் சுற்றுவார்களாம். ஒரு நாள் பனங்காய் வண்டி ஓட்டுவதில் அவன் ஜெயித்துவிட்டானாம். ‘ஆத்திரத்துல அந்தப் பையனை நான் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டேன் கண்ணு. அடுத்த நாள்ல இருந்து அவன் வரவே இல்ல. அவங்கொப்பன் தான் ஆடு ஓட்டீட்டு வந்தான்’ என்றார். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். ‘அதென்னத்துக்கு இப்ப’ என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எழுபத்தஞ்சு வருஷம் ஆயிருச்சு. நான் டம்ளரைப் பற்றித்தான் கேட்டேன், அந்தப் பையனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இதனால் என் அமுச்சியைக் குற்றவாளி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் சொல்கிறேன், ஏழு வயசுப் பிள்ளை அது. ஆனால் தெரியாமல் சொன்னது என்று இனிமேல் என்னால் அடித்துப் பேச முடியாது. தெரியாமல் சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்.

எதுகை மோனை:
தம்பி, நீங்கள் வரியைக் கொடுத்துவிட்டீர்கள்.

‘என்னை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டான்.’ நம் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான். இன்னதென்று சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களுக்கு விளங்கிவிடும்.

வாய்க்கால்மேட்டுக்காரி:
இதைப் படித்ததும் எழுதிப் பார்த்தேன். ‘நான் சிரித்தேன். அவன் நாக்கைத் துருத்தி / ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டான்.’ உட்காருகிறது.

மூணாம் வகுப்பு:
என் வகுப்பில் இதை வாசித்தால் ஒவ்வொரு பிள்ளையும் அந்த இடத்தில் வேறு வேறு சொல்லைப் போட்டுக்கொள்ளும். அதில் யார் தான் கேட்ட சொல்லைப் போடும், யார் தான் சொன்ன சொல்லைப் போடும் என்பதுதான் எனக்குப் பார்க்க வேண்டும்.

ஜமுக்காளம்:
எனக்கு முழு சம்மதம் இல்லை. கவிஞர் மறைக்காததை நாம் மறைக்கிறோம். ‘ஒரு சொல்’ என்றால் சொன்னவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது, தறி அண்ணனின் அமுச்சிக்கு வசதியாக இருந்த மாதிரியே. அவர் அந்தச் சொல்லைச் சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணமாக இருக்கலாம், சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பல்லடம் தறி:
இருக்கலாம். நான் மறுபடி கேட்கப் போவதில்லை.

அந்த ஆடு மேய்த்த பையன் இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கச் சொல்லி மாமனிடம் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார், எனக்கே தெரியவில்லை.

வாய்க்கால்மேட்டுக்காரி:
வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி வாசிக்கிறோம். ஜமுக்காளம் தம்பி, பவானியிலிருந்து கோபி ஒண்ணும் அவ்வளவு தூரம் இல்லை. வந்து உங்கள் மறுப்பையும் அங்கேயே சொல்லுங்கள். டீ சூடாகக் கொடுக்கிறோம், எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப்.

ஜமுக்காளம்:
பேப்பர் கப் 😀 அதுவும் சரிதான்.

வர்றேனுங்க அக்கா. மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த வரி வரும்போது மட்டும் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.